ஓய்வுக்குப் பிறகு ஊர்க்காரர் ஆவது: வாசகர் கேள்வி – பதில்

(நீலகிரி மலை ரயிலில் பிரேக்ஸ்மேனாகப் பணியாற்றி ஓய்வு பெற்று, குன்னூரில் வசித்துவரும் எங்கள் பத்தியாளர், ஓய்வுக்கால வாழ்க்கை குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதிலளிக்கிறார்.)

கேள்வி: வங்கிப் பணியிலிருந்து அண்மையில் ஓய்வு பெற்றேன். விடிந்ததும், இன்றைய பொழுதை எப்படிக் கழிப்பது என்ற கவலை வந்துவிடுகிறது. உங்கள் ஒரு நாள் எப்படிக் கழிகிறது?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: பணியில் இருந்த காலத்தில் என் பொழுதை ரயிலின் கால அட்டவணை வகுத்துக் கொடுத்தது. காலை 7.10 மணிக்கு மேட்டுப்பாளையத்தில் புறப்படும் வண்டியில் பணி என்றால், முந்தைய நாள் மாலையே மலையிறங்கிவிட வேண்டும். அப்படியே பல ஆண்டுகள் பழகிப்போனதால், எந்த வண்டிக்கும் கிளம்ப வேண்டியிராத காலை நேரம் தொடக்கத்தில் எனக்கும் வெறுமையாகத்தான் இருந்தது. ஆகவே உங்கள் கவலையை நான் நன்றாக அறிவேன்.

இப்போது ஆறு மணிக்கு எழுகிறேன். ஆனால் நன்கு வெளிச்சம் பரவும்வரை வெளியே இறங்குவதில்லை. சமவெளியில் விடியலுக்கு முன்பே நடைபயிற்சிக்குப் போவதை நல்ல பழக்கம் என்பார்கள். இங்கோ தேயிலைத் தோட்டத்து வழிகளில் கரடியும் காட்டெருமையும் நடமாடும் வேளை அது; ஆகவே மலையில் வாழும் முதியவர்கள் வெயில் முகம் தெரிந்த பிறகு நடப்பதே அறிவுடைமை. பெட்போர்டு பக்கமாக நடந்து, சிம்ஸ் பூங்கா வரை போய்த் திரும்புவேன். வழியில் இரண்டு வீடுகளில் நின்று பேசுவேன். பிறகு உழவர் சந்தை, செய்தித்தாள், மதிய உணவு, சற்று உறக்கம். இவற்றில் சொல்லத்தக்க சிறப்பு எதுவும் இல்லை.

சொல்லத்தக்கது ஒன்று உண்டு. ஆண்டுதோறும், எங்கள் தெருவிலும் பக்கத்துத் தோட்டத்துக் குடியிருப்பிலும் உள்ள ஓய்வூதியர்கள் உயிர்வாழ் சான்று அளிப்பதற்கு உதவி செய்கிறேன். 2014 நவம்பரில் ஜீவன் பிரமாண் என்ற மின்னணு முறை வந்தபோது, வங்கி வாசலில் காத்திருக்கும் துன்பம் தீர்ந்தது என்று எல்லாரும் மகிழ்ந்தோம். ஆனால் வாழ்நாள் முழுவதும் தேயிலை பறித்த பெண்களுக்கு விரல்ரேகை தேய்ந்து போயிருக்கிறது. கருவி அவர்களை ஏற்பதில்லை. வருங்கால வைப்பு நிதி ஓய்வூதியமாக மாதம் ஆயிரம் ரூபாயோ அதற்குச் சற்று மேலோ பெறும் அந்தத் தாய்மார்கள், விரல் பதியவில்லை என்ற ஒரே காரணத்துக்காக ஒரு நாள் கூலியையும் பேருந்துக் கட்டணத்தையும் இழந்து நகரத்துக்கு அலைவதைப் பார்த்தபோது எனக்குப் பொறுக்கவில்லை. கைப்பேசியில் முகத்தைப் படம் பிடித்தே சான்று அளிக்கும் வசதி பின்னர் வந்தது. அதைக் கற்றுக்கொண்டு வீடு வீடாகப் போகத் தொடங்கினேன். அவர்களுடைய ஆண்டுச் சான்று எந்த மாதத்தில் முடிகிறதோ அந்த மாதத்தில் போகிறேன். அப்படிப் போன பிறகுதான் என் தெருவில் யார் யார் இருக்கிறார்கள், யாருக்கு என்ன நோய், யாருடைய மகன் எந்த ஊரில் இருக்கிறான் என்பதெல்லாம் தெரியவந்தது. பணிமுறை மாறி மாறி வந்த காலத்தில் நான் குன்னூரில் தங்கியிருந்தேன். ஊர்க்காரனாக வாழத் தொடங்கியது ஓய்வுக்குப் பிறகுதான்.

உங்கள் வங்கி அனுபவத்துக்கு இதைவிட எத்தனையோ மடங்கு பயன் உண்டு, ஐயா. பொழுதை எதைக் கொண்டு நிரப்புவது என்று தேடாதீர்கள். உங்கள் தெருவில் வங்கிப் படிவத்தைப் பார்த்துத் திகைக்கும் மனிதர் யார் என்று தேடுங்கள்.

கேள்வி: இப்போதும் மலை ரயிலில் பயணம் செய்வதுண்டா? அப்போது என்ன தோன்றும்?
– வாசகி, மதுரை

பதில்: கூட்டம் குறைந்த நாட்களில் குன்னூரிலிருந்து உதகைக்குப் போய்வருவேன். மேட்டுப்பாளையம் – குன்னூர்ப் பகுதி 1899-இல் திறக்கப்பட்டது; பாதை உதகை வரை நீண்டது 1908-இல். கல்லாறு முதல் குன்னூர் வரை செங்குத்தான ஏற்றம் என்பதால், தண்டவாளங்களுக்கு நடுவே பதித்த பல்வரிசையை எஞ்சினின் பல்சக்கரம் பற்றிக்கொண்டு ஏறும். ஏறும்போது எஞ்சின் பின்னால் நின்று பெட்டிகளைத் தள்ளும். பெட்டிக்கொரு பிரேக்ஸ்மேன் முன்மேடையில் நின்று, கொடியைப் பார்த்து, கையால் பிரேக்கை இயக்குவார். அந்த இடத்தில் இப்போது நிற்கும் இளைஞர்களைப் பார்க்கும்போது, சாரல் காலத்தில் சட்டை நனைந்து நின்ற என் காலத்துத் தோழர்கள் நினைவுக்கு வருகிறார்கள்.

2005-இல் யுனெஸ்கோ இதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது எங்களுக்குப் பெருமை. ஆனால், அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலைக்குப் போகிறவர்களும், கேத்தியில் காய்கறி மூட்டையோடு ஏறுகிறவர்களும், கல்லூரி மாணவர்களும் இதே வண்டியில் ஏறி இறங்கியதை நான் பார்த்திருக்கிறேன். சுற்றுலாப் பயணிகள் வருவதில் எனக்கு மகிழ்ச்சியே. இருந்தாலும், இவ்வழி ஊர்களில் வாழ்கிறவர்களுக்கென்று குன்னூர் – உதகை வண்டிகளில் சில இருக்கைகளாவது ஒதுக்கப்பட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: அலுவலக நண்பர்கள் ஓய்வுக்குப் பிறகு மெல்ல விலகிவிடுகிறார்கள். பதவி இருந்தவரைதானா நட்பு என்று மனம் வலிக்கிறது. உங்களுக்கு இந்த வயதில் நெருங்கிய நண்பர் உண்டா?
– வாசகர், சென்னை

பதில்: அலுவலக நட்பைக் குறைவாக எண்ண வேண்டாம். ஒரே வேலையைச் சேர்ந்து செய்தபோது அது உண்மையாகவே இருந்தது. வேலை முடிந்ததும் பேசுவதற்குப் பொதுவான பொருள் குறைந்துவிட்டது, அவ்வளவுதான். அவர்களில் இருவரோடு எனக்கு இன்றும் தொடர்பு உண்டு. எனினும், இன்று எனக்கு மிக நெருங்கியவர் ரயில்வேயைச் சேர்ந்தவர் அல்லர். அவரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

அவர் இலங்கையில், அட்டன் அருகே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடான லயன் வீட்டில் பிறந்தவர். 1948-ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலுக்காகத் தமிழகத்திலிருந்து சென்றவர்களின் வழிவந்த மலையகத் தமிழர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்கள் ஆக்கியது. மறுஆண்டில் வாக்குரிமையும் போயிற்று. 1964-இல் இரு நாட்டுப் பிரதமர்களான சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி ஐந்தேகால் லட்சம் பேரை இந்தியா ஏற்பது என்றும், மூன்று லட்சம் பேருக்கு இலங்கை குடியுரிமை அளிப்பது என்றும் முடிவாயிற்று. எங்கே போக வேண்டும், எங்கே இருக்க வேண்டும் என்று அந்த மக்களை யாரும் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. என் நண்பருடைய குடும்பம் 1970-களில் தலைமன்னாரில் கப்பலேறி, இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் தங்கி, கடைசியில் கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தது. அட்டனில் பிறந்தவருக்கு இந்தக் குளிர் புதிதன்று. கொழுந்து பறிப்பதும் கவாத்து வெட்டுவதும் அவர் பரம்பரையாக அறிந்த தொழில். ஆனாலும் ஒவ்வோர் அலுவலகத்திலும் அவர் தாம் யார் என்பதைக் காகிதத்தால் மெய்ப்பிக்க வேண்டியிருந்தது.

அவர் தமது அக்காவைப் பார்க்கத் திருச்சிப் பக்கம் போகும்போதெல்லாம் மலை ரயிலில் இறங்குவார். எங்கள் பழக்கம் அப்படித்தான் தொடங்கியது. அது ஆழப்பட்டது 2009 நவம்பரில். அந்த மழையில் நீலகிரியெங்கும் மண் சரிந்து 40-க்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். சாலையும் ரயில் பாதையும் துண்டிக்கப்பட்டன. எங்கள் வீட்டுக்குப் பின்புறத் தடுப்புச் சுவர் சரிந்தது என்று கேள்விப்பட்டு, பேருந்து எதுவும் ஓடாத அந்த நாளில், அவர் தம் மகனையும் அழைத்துக்கொண்டு குறுக்கு வழியாக நடந்தே வந்து, மண்ணை அள்ளி ஒதுக்க எங்களோடு மாலைவரை நின்றார். அதற்கு முன்பு நாங்கள் ஒருவர் வீட்டில் ஒருவர் உணவருந்தியதில்லை. அன்றைக்குப் பிறகு எங்கள் வீட்டுப் பொங்கலுக்கு அவரும், அவர் குடியிருப்பின் மாரியம்மன் திருவிழாவுக்கு நாங்களும் இல்லாமல் இருந்ததில்லை.

இருவரும் ஓய்வு பெற்றுவிட்ட பின் வாரந்தோறும் சந்திக்கிறோம். பெரும்பாலும் அவர்தான் குன்னூர் வருவார். அவருக்கு மூட்டு வலி கூடும் குளிர்காலத்தில் நான் போவேன். தேநீரும் வர்க்கியும் இருந்தால் இரண்டு மணி நேரம் போவது தெரியாது. அவர் சொன்ன ஒரு செய்தியை இங்கே எழுத அவருடைய இசைவைப் பெற்றிருக்கிறேன். வாழ்க்கையில் முதன்முதலாக வாக்களிக்கப் போன நாளில், அவர் புதுச் சட்டை அணிந்து, அதிகாலையிலேயே வரிசையில் போய் நின்றாராம். அவருடைய தந்தையார் ஒரு நாட்டில் பிறந்து, உழைத்து, வாக்குரிமை பறிக்கப்பட்டவராய் வாழ்ந்து, இன்னொரு நாட்டுக்கு வந்து, வாக்காளர் பட்டியலில் பெயர் ஏறுவதற்கு முன்பே இறந்துவிட்டார். இதைக் கேட்ட பிறகு, தேர்தல் நாளை விடுமுறை நாள் என்று யாராவது சொன்னால் எனக்கு மனம் வருந்துகிறது.

ஐயா, விலகிப் போனவர்களை நினைத்து வருந்துவதில் நாட்களைச் செலவிடாதீர்கள். இந்த வயதில் புதிய நண்பர் கிடைப்பாரா என்று கேட்பீர்களானால், கிடைப்பார் என்றே சொல்வேன். ஆனால் நாமே எழுந்து அவர் வீட்டுக்குப் போக வேண்டும்; அவர் கூப்பிடட்டும் என்று காத்திருந்தால் இரண்டு வீட்டிலும் இரண்டு முதியவர்கள் காத்திருப்பார்கள்.

கேள்வி: என் கணவர் ஓய்வு பெற்ற பிறகு நாள் முழுவதும் கைப்பேசியில் அரசியல் விவாதம் செய்கிறார். சென்ற தேர்தலின்போது சொந்தத் தம்பியோடு பேச்சை நிறுத்திக்கொண்டார். நான் என்ன செய்வது?
– வாசகி, கோத்தகிரி

பதில்: சகோதரி, உங்கள் கணவர் பொது விவகாரங்களில் அக்கறை உள்ளவர், அந்த அக்கறை நல்லது. அதற்குக் கையால் செய்யும் வேலை எதுவும் கிடைக்காததால் அது முழுவதும் பேச்சாகப் போய், பேச்சு சினமாக மாறியிருக்கிறது. முன்னே சொன்ன என் நண்பரும் நானும் வெவ்வேறு கட்சிகளுக்கு வாக்களிப்பவர்கள். எங்களுக்குள் வாக்குவாதம் வருவதுண்டு. குரல் உயர்வதும் உண்டு. ஆனால் நேரில் உட்கார்ந்து பேசும்போது எதிரே இருப்பவரின் முகம் வாடுவது கண்ணுக்குத் தெரிகிறது, உடனே சொல் தணிகிறது. கைப்பேசியில் அந்த முகம் இல்லை. ஆகவே தம்பியோடு எழுத்தில் சமாதானம் பேச வேண்டாம் என்று சொல்லுங்கள். ஏதாவது ஒரு குடும்பக் காரணத்தைச் சொல்லி, இருவரையும் ஒரே வீட்டில் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு உட்கார வையுங்கள். இதை நீங்களும் உங்கள் கொழுந்தனாரின் மனைவியும் சேர்ந்து செய்தால் எளிதாக முடியும்.

இன்னொன்று. பசுந்தேயிலை விலை உங்கள் ஊரின் உயிர்ப் பிரச்சினை. ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு நான்கு கிலோவுக்கும் மேல் பசுந்தேயிலை வேண்டும். பறிகூலியும் உரமும் போக விவசாயியின் கையில் நிற்பது மிகக் குறைவு. 2023-இல் சிறு விவசாயிகள் குறைந்தபட்ச விலை கேட்டு நாள்கணக்கில் போராடியதை நீங்கள் அருகிலிருந்தே பார்த்திருப்பீர்கள். உங்கள் கூட்டுறவுத் தொழிற்சாலையின் உறுப்பினர் கூட்டத்துக்குப் போகும்படியும், அங்கே வரவு செலவுக் கணக்கைப் படித்துக் கேள்வி கேட்கும்படியும் அவரிடம் சொல்லிப் பாருங்கள். டெல்லியைப் பற்றித் தம்பியிடம் சண்டையிடுவதைவிட அதற்கு அதிக உழைப்பும் அதிகத் துணிவும் வேண்டும்.

கேள்வி: எங்கள் தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் போனவர்களில் உங்கள் மனத்தில் முதலில் நிற்பவர் யார்?
– வாசகர், கேத்தி

பதில்: அக்கம்மா தேவி அவர்கள். 1962-இல் நீலகிரித் தொகுதியிலிருந்து மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். படுகர் சமுதாயத்தில் முதன்முதலில் பட்டம் பெற்ற பெண்மணி. அவர் உறுப்பினராக இருந்தபோது நான் சிறுவன். ஒரு பெண் இந்த மலையிலிருந்து டெல்லிக்குப் போயிருக்கிறார் என்று என் தாயார் சொல்லிக்கொண்டே இருப்பார்.

கேள்வி: இத்தனை ஆட்சிகளைப் பார்த்துவிட்டீர்கள். அரசியலில் உங்களுக்கு இன்னும் நம்பிக்கை இருக்கிறதா?
– வாசகர், கூடலூர்

பதில்: இருக்கிறது. ஆனால் அந்த நம்பிக்கை சட்டமன்றத்திலிருந்தும் நாடாளுமன்றத்திலிருந்தும் மெல்ல இறங்கி, வார்டு அளவில் வந்து நிற்கிறது. கழிவுநீர், குடிநீர்க் குழாய், தெருவிளக்கு, தடுப்புச் சுவர் ஆகியவைதாம் முதியவர்களின் அன்றாட வாழ்வைத் தீர்மானிக்கின்றன. இவை அனைத்தும் உள்ளாட்சியின் பொறுப்பு.

ஆகவே, நம் மாநிலத்தில் உள்ளாட்சித் தேர்தல் உரிய காலத்தில் நடைபெறாமல் போவது எனக்குத் தாங்க முடியாத வருத்தத்தைத் தருகிறது. நகர்ப்புற உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில்தான் நடந்தது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாக, குன்னூரில் குழாய் உடைந்தால் போய்ச் சொல்வதற்கு நாம் தேர்ந்தெடுத்த உறுப்பினர் எவரும் இல்லை. தனி அலுவலர்கள்தாம் நிர்வாகம் செய்தார்கள். ஊராட்சிகளின் நிலையும் இதுவே. நீலகிரி உட்பட 27 மாவட்டங்களில் 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊரக உறுப்பினர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்தபோது, புதியவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கவில்லை. பதவிக்காலம் முடிவதற்கு முன்பே தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்று அரசமைப்புச் சட்டம் தெளிவாகக் கூறுகிறது. இதில் எந்தக் கட்சி ஆண்டது என்று நான் பிரித்துப் பார்க்கவில்லை. இரண்டு முறையும் இழந்தவர்கள் ஊரில் வாழ்கிறவர்கள்தாம்.

வாக்குரிமைக்காக அரை வாழ்நாள் காத்திருந்த மனிதர் ஒருவர் என் நண்பர் என்று சொன்னேன் அல்லவா? ஊராட்சித் தேர்தல் தள்ளிப்போகிறது என்ற செய்தியைப் படித்த நாளில் அவர் வெகுநேரம் பேசவில்லை. உங்களைப் போன்ற இளையவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான்: சட்டமன்றத் தேர்தலில் காட்டும் வேகத்தில் பாதியையாவது, உங்கள் ஊராட்சித் தேர்தல் எப்போது என்று கேட்பதில் காட்டுங்கள். கிராமசபைக் கூட்டத்துக்குப் போய், உங்கள் பெயரும் கேள்வியும் பதிவேட்டில் எழுதப்படுகின்றனவா என்று பாருங்கள்.

கேள்வி: வயதான தாயாரை ஒருமுறை நீலகிரிக்கு அழைத்துவர ஆசை. மே மாதத்தில் வரலாமா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: உங்கள் ஆசை நிறைவேறட்டும், ஆனால் மே வேண்டாம். மலர்க் கண்காட்சி நடக்கும் அந்த மாதத்தில் சாலை முழுவதும் வாகனங்கள் நிற்கும். வண்டியில் மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பது முதியவர்களுக்குப் பெரும் துன்பம். உயர் நீதிமன்ற ஆணைப்படி 2024 மே 7 முதல், வெளியூர் வாகனங்கள் இ-பாஸ் பெற்றுத்தான் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வர வேண்டும். 2025 கோடையில், நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வாகனங்களும் வார இறுதியில் 8,000 வாகனங்களும் என்று வரம்பும் விதிக்கப்பட்டது. இதனால் தொழில் பாதிக்கிறது என்று விடுதிக்காரர்களும் வணிகர்களும் சொல்வதில் நியாயம் இருக்கிறது. என்றாலும், ஆம்புலன்ஸ் நகர முடியாமல் நின்ற மாலை வேளைகளைக் கண்ட நான் இந்த வரம்பை வரவேற்கிறேன். அரசுப் பேருந்தில் வருகிறவர்களுக்கு இ-பாஸ் தேவையில்லை.

பிப்ரவரி பிற்பகுதியிலோ மார்ச்சிலோ வாருங்கள். டிசம்பர், ஜனவரியில் உதகைப் பக்கம் உறைபனி விழும். அது மூச்சு இளைப்பு உள்ளவர்களுக்கு ஆகாது. தென்மேற்குப் பருவமழை குந்தா, கூடலூர்ப் பக்கம் வலுத்துப் பெய்யும். வடகிழக்குப் பருவமழை குன்னூர், கோத்தகிரிச் சரிவுகளில் கனத்துப் பெய்யும். அக்டோபர், நவம்பரில் மண்சரிவால் ரயில் பாதை அடிக்கடி அடைபடுவது அதனால்தான்.

ஒரே நாளில் பத்து இடங்களைக் காட்டும் சுற்றுலாவில் அம்மாவைச் சேர்க்காதீர்கள். குன்னூரிலோ கோத்தகிரியிலோ மூன்று நாள் தங்குங்கள். 1874-இல் அமைக்கப்பட்ட சிம்ஸ் பூங்காவில் ஒரு காலைப்பொழுது, பாதி தூரமாவது மலை ரயிலில் ஒரு பயணம், மீதி நேரம் வெயிலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பது, இவ்வளவும் போதும். தொட்டபெட்டா 2,637 மீட்டர் உயரம் என்பதால், அவருக்கு இதயக் கோளாறு இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் அங்கே ஏற்ற வேண்டாம். பர்லியாரில் நிறுத்திப் பழம் வாங்கிக் கொடுங்கள். மங்குஸ்தான் கிடைக்கும் பருவமாக இருந்தால் அவர் அதைச் சுவைத்துப் பார்க்கட்டும்.

கேள்வி: உங்கள் தலைமுறைக்கு முழு ஓய்வூதியம் கிடைத்தது. 2004-க்குப் பிறகு பணியில் சேர்ந்த எங்களுக்கு அது இல்லை. இதை நீங்கள் எப்படிப் பார்க்கிறீர்கள்?
– வாசகர், ரயில்வே ஊழியர், ஈரோடு

பதில்: தம்பி, இது அநீதி என்றே பார்க்கிறேன். நான் நின்ற அதே முன்மேடையில், அதே மழையில், அதே ஆபத்தோடு நிற்கிற இளைஞர், பணியில் சேர்ந்த தேதி வேறு என்பதற்காக, முதுமையில் என்னைவிடக் குறைந்த பாதுகாப்போடு வாழ வேண்டும் என்பதை என் மனம் ஏற்கவில்லை. 2025 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டத்தில், 25 ஆண்டு பணி முடித்தவர்களுக்குக் கடைசி 12 மாத அடிப்படைச் சம்பளச் சராசரியில் பாதி உறுதி செய்யப்பட்டிருக்கிறது. 10 ஆண்டு முடித்தவர்களுக்கு மாதம் குறைந்தது 10,000 ரூபாய் உண்டு. சந்தை நிலவரத்தை நம்பியிருந்த நிலையைவிட இது மேலானது. ஆயினும் ஊழியரின் சம்பளத்தில் பத்து விழுக்காடு மாதந்தோறும் போகிறது. எங்களிடம் அப்படிப் பிடித்ததில்லை. ஆகவே பழைய ஓய்வூதியம் கேட்கும் உங்கள் கோரிக்கையோடு நான் நிற்கிறேன். ஓய்வூதியர் சங்கக் கூட்டத்திலும் இதை வலியுறுத்திப் பேசியிருக்கிறேன். எங்களுக்கு வந்துவிட்டது என்று நாங்கள் வாளாவிருப்பது தகாது.

கேள்வி: கணவர் காலமான பின் தனியாக இருக்கிறேன். பெங்களூருவிலிருக்கும் மகன் வந்துவிடச் சொல்கிறான். மலையை விட்டுப் போக மனமில்லை. போகத்தான் வேண்டுமா?
– வாசகி, மஞ்சூர்

பதில்: அம்மா, உங்கள் மகன் அன்பினால் அழைக்கிறார், அவருடைய அச்சம் நியாயமானது. குந்தாப் பக்கம் மழைக்காலத்தில் சாலை அடைபட்டால் மருத்துவமனைக்குப் போவது எவ்வளவு கடினம் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டிய மழையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 2025 ஏப்ரலில் உதகையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை திறக்கப்பட்ட பிறகு, எல்லாவற்றுக்கும் கோயம்புத்தூருக்கு இறங்க வேண்டும் என்ற நிலை குறைந்திருக்கிறது. ஆனால் உதகை வரையிலான வழி அப்படியேதான் இருக்கிறது.

இவ்வளவையும் எண்ணிப் பார்த்த பின்னும், இப்போதே முழுவதுமாகப் போய்விட வேண்டாம் என்றே சொல்வேன். ஊரைவிட்டு வேறு இடத்தில் மகனுடைய வீட்டில் போய்த் தங்கிய முதிய பெண்கள் சிலரை நான் அறிவேன். வசதிக்கு அங்கே குறைவில்லை, ஆனால் பகல் முழுவதும் பேச ஒருவர் இல்லை. உங்கள் ஊரில் உங்கள் பெயர் சொல்லி அழைக்கும் மனிதர்கள் இருக்கிறார்கள். தோட்டத்தில் அவரையும் கீரையும் இருக்கின்றன. ஹெத்தையம்மன் திருவிழா நாளில் உங்களுக்கென்று ஓர் இடம் இருக்கிறது. மழை மாதங்களில் மட்டும் மகனிடம் போய் இருந்துவிட்டு, மழை ஓய்ந்ததும் திரும்பி வாருங்கள். வீட்டுச் சாவி ஒன்றைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவையுங்கள். தினமும் காலையில் ஒரே நேரத்தில் மகனை அழைத்துப் பேசுங்கள். அந்த அழைப்பு வராத நாளில் அவர் யாரைத் தொடர்புகொள்ள வேண்டும் என்பதை இருவரும் முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். நடை தளர்ந்து, படியேற முடியாத நாள் வரும்போது மகனிடம் போகலாம். அதில் எந்த இழிவும் இல்லை.

கேள்வி: எங்கள் பகுதியில் தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் பலர் இருக்கிறோம். சேர்ந்து ஏதாவது செய்ய விரும்புகிறோம். எதில் தொடங்கலாம்?
– வாசகர், அருவங்காடு

பதில்: சங்கம், பெயர்ப்பலகை, நிர்வாகிகள் தேர்வு என்று தொடங்காதீர்கள்; முதல் கூட்டத்திலேயே மனவருத்தம் வந்துவிடும். வாக்காளர் பட்டியலில் தொடங்குங்கள். உங்கள் வாக்குச்சாவடிப் பட்டியலை எடுத்துக்கொண்டு தெருத் தெருவாகப் போய், பெயர் விடுபட்டவர்களுக்குப் படிவம் 6, இறந்தவர்களின் பெயரை நீக்கப் படிவம் 7, திருத்தத்துக்கும் முகவரி மாற்றத்துக்கும் படிவம் 8 எழுதிக் கொடுங்கள். கட்சி வேறுபாடு இல்லாமல் நாலு பேர் சேர்ந்து செய்யத் தக்க வேலை இது. போகிற வீடுகளில் தனியாக இருக்கும் முதியவர்கள் யார் யார் என்பதும் அப்போதே தெரிந்துவிடும். 85 வயது கடந்தவர்கள் சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தல்களில் வீட்டிலிருந்தே வாக்களிக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. அதற்குரிய படிவம் 12டி-யைத் தேர்தல் அறிவிக்கை வெளியான ஐந்து நாட்களுக்குள் கொடுத்துவிட வேண்டும். ஆகவே அத்தகையவர்களின் பெயர்களை இப்போதே தனியாகக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.